குறுக்குக் கம்பி சரியாக இருக்கிறதா?

சாலை போடும் இடத்திலோ கால்வாய் வெட்டும் இடத்திலோ, முக்காலியின்மேல் ஒரு சிறு தொலைநோக்கியைப் பொருத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் அதனுள் பார்ப்பவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். தொலைவில் இன்னொருவர் எண்கள் எழுதிய நெடிய கோல் ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். பார்ப்பவர் ஓர் எண்ணைச் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் அதைப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். பிறகு கோல் பிடித்தவர் வேறோர் இடத்துக்கு நடப்பார். நாள் முழுவதும் இதே வேலைதான்.

அந்தத் தொலைநோக்கிக்கு மட்டமானி என்று பெயர். அதனுள் கண் வைத்துப் பார்த்தால் கோலின் உருவம் அருகில் வந்து நிற்கும். அந்த உருவத்தின்மேல் கூட்டல் குறி போல இரண்டு மெல்லிய கோடுகள் தெரியும். அவையே குறுக்குக் கம்பிகள். கிடைக்கம்பி கோலின் எந்த எண்ணை வெட்டுகிறதோ, அந்த எண்ணைத்தான் அவர் உரக்கச் சொல்கிறார். நில அளவையாளரின் தியோடலைட்டிலும், துப்பாக்கியின்மேல் பொருத்தும் தொலைநோக்கியிலும், வானாய்வு நிலையங்களின் பெரிய தொலைநோக்கிகளிலும் இதே ஏற்பாடு உண்டு.

இப்போது ஒரு கேள்வி. இந்தக் கம்பி தன் இடத்திலிருந்து ஒரு மயிரிழை விலகியிருந்தால் என்ன ஆகும்? பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. உருவம் தெளிவாகவே இருக்கும். எண்ணும் துல்லியமாகவே கிடைக்கும். ஆனால் அது தவறான எண். சில மாதங்களுக்குப் பின் புதிய கால்வாயில் தண்ணீரைத் திறந்துவிடும்போதுதான் உண்மை வெளிப்படும்.

அப்படியானால் கம்பி சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? இதைவிட நல்ல கருவி ஒன்றைக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டுமா? அந்த நல்ல கருவியைச் சோதிப்பதற்கு அதைவிட நல்ல கருவி வேண்டும் அன்றோ? இதற்கு முடிவே இல்லை. நல்ல வேளையாக, அதற்குத் தேவையும் இல்லை. பிழையுள்ள கருவியைக் கொண்டே அதன் பிழையை அளந்துவிடலாம். அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

கம்பி எங்கே இருக்கிறது?

முதலில் கம்பி இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கலிலியோ 1609-இல் வானத்தை நோக்கிய தொலைநோக்கியில் முன்னால் ஒரு குவிவில்லையும், கண்ணருகே ஒரு குழிவில்லையும் இருந்தன. அந்த அமைப்பில் ஒளிக்கதிர்கள் ஓரிடத்தில் கூடிப் பிம்பமாவதற்கு முன்பே குழிவில்லை அவற்றை விரித்துவிடும். குழாய்க்குள் எங்கும் மெய்ப் பிம்பம் கிடையாது. ஆகவே அதில் குறுக்குக் கம்பி வைக்க இடமும் கிடையாது.

கெப்ளர் 1611-இல் விளக்கிய அமைப்பில் இரண்டுமே குவிவில்லைகள். முன்னால் உள்ள பொருளருகு வில்லை, தொலைவில் உள்ள பொருளின் மெய்ப் பிம்பத்தைக் குழாய்க்குள்ளேயே தலைகீழாக உண்டாக்குகிறது. கண்ணருகு வில்லை ஓர் உருப்பெருக்கியைப் போல அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அந்தப் பிம்பம் விழும் இடத்திலேயே ஒரு மெல்லிய இழையைக் கட்டிவிட்டால், பிம்பமும் இழையும் ஒருங்கே பெரிதாகத் தெரியும்.

இதைக் கண்டறிந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் காஸ்காயின் என்ற இளைஞர். ஏறத்தாழ 1640-ஆம் ஆண்டை ஒட்டி நடந்தது இது. திறந்து வைத்திருந்த அவருடைய கருவிக்குள் ஒரு சிலந்தி நூல் இழுத்துவிட்டது. அவர் கண் வைத்துப் பார்த்தபோது, அந்த நூல் தொலைவிலுள்ள காட்சியின்மேல் தெளிவாகத் தெரிந்தது. வேறொருவராக இருந்தால் நூலைத் துடைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருப்பார். காஸ்காயினோ, குறி பார்ப்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை என்று உணர்ந்தார். ஆனால் 1644-இல் அந்நாட்டு உள்நாட்டுப் போரில் அவர் இளம் வயதிலேயே மாண்டார். அவருடைய முறை பரவலாகத் தெரியவந்ததெல்லாம் பின்னர்தான்.

சிலந்தி நூலுக்கு நிகரான இழை அதன்பின் நெடுங்காலம் கிடைக்கவில்லை. அது மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கே பருமன் உடையது, ஆயினும் வலுவானது. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரைகூட நுண்கருவிகளில் உண்மையான சிலந்தி நூலைப் பயன்படுத்தினார்கள். இன்று பெரும்பாலும் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் கோடுகளைச் செதுக்கிவிடுகிறார்கள். எனினும் பழைய பெயர் மாறவில்லை. கம்பி என்றே சொல்கிறோம்.

முதல் சோதனை: கண்ணை அசைத்துப் பாருங்கள்

ஒரு பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து, எதிரே உள்ள சன்னல் கம்பியோடு ஒன்றச் செய்யுங்கள். இப்போது தலையை இடமும் வலமும் அசையுங்கள். பென்சில் சன்னல் கம்பியை விட்டு விலகி ஓடுகிறது. பென்சிலைச் சன்னல் கம்பியின்மேலேயே ஒட்டிவைத்து மறுபடியும் தலையை அசையுங்கள். இம்முறை விலகல் இல்லை. இதற்கு இடமாறு தோற்றப் பிழை என்று பெயர். இரண்டு பொருள்கள் வெவ்வேறு தொலைவில் இருந்தால்தான் இது தோன்றும்.

தொலைநோக்கியிலும் அப்படியே. பிம்பம் சரியாகக் கம்பியின் தளத்தில் விழுந்தால், கண்ணை எப்படி அசைத்தாலும் கம்பி அதே புள்ளியில் நிற்கும். பிம்பம் கம்பிக்கு முன்னோ பின்னோ விழுந்தால், கண் அசையக் கம்பியும் அசைவதுபோல் தெரியும். இதைச் சரிசெய்ய முதலில் தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பி, கம்பி கன்னங்கரேலென்று தெளிவாகத் தெரியும்வரை கண்ணருகு வில்லையைத் திருக வேண்டும். (சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள், கண் பாழாகும்.) பிறகு கோலை நோக்கி, குவியத் திருகைத் திருகிப் பிம்பத்தைத் தெளிவாக்க வேண்டும். கண்ணை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, கம்பி அசையாமல் நின்றால் முதல் சோதனை முடிந்தது. இதைச் செய்யாமல் மற்ற சோதனைகளில் இறங்குவது வீண்.

இரண்டாம் சோதனை: தூக்கு நூல்

கம்பி செங்குத்தாக நிற்கிறதா? இதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். காற்று வீசாத இடத்தில், ஏறத்தாழ 20 அல்லது 30 மீட்டர் தொலைவில், ஓர் உத்திரத்திலிருந்து குண்டைத் தொங்கவிடுங்கள். குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்திவைத்தால் ஆட்டம் விரைவில் அடங்கும். மட்டமானியைக் குமிழி நடுவில் நிற்கும்படி அமைத்து நூலைப் பாருங்கள். நிலைக்கம்பி நூலை மேலிருந்து கீழ்வரை முழுவதும் மறைத்தால் சரி. மேலே ஒன்றிக் கீழே விலகினால் கம்பி சாய்ந்திருக்கிறது. கம்பி பொருந்திய வளையத்தின் திருகுகளைச் சற்றே தளர்த்தி, வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

துப்பாக்கியின் தொலைநோக்கிக்கும் இதே சோதனைதான். துப்பாக்கி நிமிர்ந்து நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, அசையாதபடி அதைத் தாங்கியில் பொருத்தியபின், தூக்கு நூலோடு கம்பியை ஒப்பிடுவார்கள். அங்கே இந்தச் சாய்வு ஏன் முக்கியமாகிறது?

நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டுகூட நேர்கோட்டில் போவதில்லை. 300 மீட்டர் கடக்க அதற்கு அரை நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிறது. கையிலிருந்து நழுவிய கல் அந்த நேரத்தில் எவ்வளவு விழுமோ, ஏறத்தாழ அவ்வளவு, அதாவது சுமார் 90 செ.மீ., குண்டும் கீழே விழுந்துவிடுகிறது. ஆகவே குழலை அந்த அளவுக்கு உயர்த்திப் பிடிக்க வேண்டும். அதற்கேற்பக் குறுக்குக் கம்பியை நகர்த்துவதற்குத் தொலைநோக்கியில் திருகு உண்டு. புவியீர்ப்பு நேர் கீழாகவே இழுக்கிறது. ஆனால் கம்பி 3 பாகை சாய்ந்திருந்தால், நாம் 'மேலே' என்று செய்யும் திருத்தம் நேர் மேலாக இருக்காது. பக்கவாட்டிலும் சிறிது போகும். 90 செ.மீ. திருத்தத்தில் இந்தப் பக்க விலகல் ஏறத்தாழ 4.7 செ.மீ. ஆகும். 3 பாகையின் சைன் மதிப்பு 0.052 என்பதால் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். தொலைவு கூடக்கூட இதுவும் கூடும்.

கொத்தனாரின் தந்திரம்

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். பார்வைக்கோடு நேராகச் செல்கிறதா?

ரசமட்டத்தை வைத்திருக்கும் அனுபவமுள்ள கொத்தனாரைக் கவனியுங்கள். சுவரின்மேல் அதை ஒருமுறை வைப்பார். பிறகு முனை மாற்றித் திருப்பி அதே இடத்தில் மறுபடி வைப்பார். ஏன்?

முதல் முறை குமிழி கிழக்குப் பக்கம் 3 பிரிவு விலகி நிற்கிறது என்று கொள்வோம். பிழை சுவரிலா, ரசமட்டத்திலா? இந்த ஒரு பார்வையைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. திருப்பி வைத்தபின் குமிழி கிழக்கே 1 பிரிவு விலகி நிற்கிறது. இப்போது விடை வந்துவிட்டது. ரசமட்டத்தைத் திருப்பினாலும் சுவர் திரும்புவதில்லை. ஆகவே சுவரின் பிழை இரு முறையும் ஒரே பக்கம் காட்டும். ரசமட்டத்தின் பிழையோ அதனோடு சேர்ந்து திரும்பி, எதிர்ப்பக்கம் காட்டும். இரு எண்களையும் கூட்டிப் பாதியாக்கினால் சுவரின் பிழை 2 பிரிவு. கழித்துப் பாதியாக்கினால் ரசமட்டத்தின் பிழை 1 பிரிவு. ஒரே கருவியால் இரண்டையும் பிரித்துவிட்டோம்!

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. திருப்பினால் கருவியின் பிழை குறி மாறும். உலகின் உண்மை மாறாது.

துப்பாக்கியிலிருந்து கழற்றிய தொலைநோக்கியின் குறுக்குக் கம்பி குழாயின் நடுவில் இருக்கிறதா என்று இதே தந்திரத்தால் பார்க்கலாம். ஓர் உறுதியான அட்டைப் பெட்டியின் இரு எதிர்ச்சுவர்களிலும் கவட்டை வடிவில் வெட்டி, குழாயை அவ்விரு வெட்டுகளிலும் கிடத்துங்கள். எதிரே தொலைவிலுள்ள சுவரில் ஒரு புள்ளியைக் கம்பிகள் சந்திக்கும் இடத்தில் கொண்டுவாருங்கள். பெட்டி அசையாமல் குழாயை மட்டும் மெல்ல உருட்டுங்கள். கம்பிகளின் சந்திப்பு அந்தப் புள்ளியிலேயே நின்றால் சரி. இல்லையேல் அது சுவரின்மேல் ஒரு சிறு வட்டம் வரையும். வட்டத்தின் நடுவே உண்மையான அச்சு. அரைச் சுற்று உருட்டியதும் காணும் விலகலில் பாதிதான் உண்மையான பிழை. ஆகவே பாதியை மட்டுமே திருகால் திருத்த வேண்டும். முழுவதையும் திருத்துவோர் பிழையை மறுபக்கத்துக்கு மாற்றுகிறார்களே அன்றி நீக்குவதில்லை.

இரண்டு முளைச் சோதனை

மட்டமானியின் தொலைநோக்கியை இவ்வாறு உருட்ட முடியாது. அது தாங்கியோடு பிணைந்திருக்கும். அதற்கு வேறொரு வழி உண்டு. இங்கே கருவியைத் திருப்புவதற்குப் பதிலாக இடம் மாற்றுகிறோம்.

ஓரளவு சமமான நிலத்தில் 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை அடியுங்கள். அவற்றை 'அ', 'ஆ' என்போம். மட்டமானியை இரண்டுக்கும் சரி நடுவில், 30 மீட்டரில் நிறுத்துங்கள். 'அ' முளைமேல் வைத்த கோலில் 1.465 மீட்டர் என்றும், 'ஆ' முளைமேல் 1.235 மீட்டர் என்றும் கம்பி காட்டுகிறது. வேறுபாடு 0.230 மீட்டர். கோலில் எண் குறைவாகத் தெரியும் இடமே உயர்ந்த இடம். ஆகவே 'ஆ' முளை 0.230 மீட்டர் உயரமானது.

கருவியில் பிழை இருந்தால்? இருக்கட்டும்! பார்வைக்கோடு மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால், 30 மீட்டர் தொலைவில் எவ்வளவு உயர்ந்திருக்குமோ, அவ்வளவே இருபுறமும் உயர்ந்திருக்கும். இரண்டு எண்களிலும் ஒரே பிழை கூடியிருப்பதால், கழிக்கும்போது அது மறைந்துவிடுகிறது. ஆகவே 0.230 என்பது உண்மையான வேறுபாடு. பிழையுள்ள கருவி பிழையற்ற விடையைத் தந்துவிட்டது.

இப்போது மட்டமானியை 'அ' முளைக்கு வெளிப்புறம், அதே நேர்கோட்டில், 2 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். 'அ' முளையில் 1.512 என்று காட்டுகிறது. இவ்வளவு அருகில் பிழை மிகச் சிறிது; விட்டுவிடலாம். அப்படியானால் 'ஆ' முளையில் 1.512-இலிருந்து 0.230 கழித்து, 1.282 என்று காட்ட வேண்டும். ஆனால் கம்பி 1.300 என்று காட்டுகிறது. பிழை பிடிபட்டது! 60 மீட்டருக்கு 18 மில்லிமீட்டர் பார்வைக்கோடு மேலே ஏறுகிறது.

திருத்துவது எளிது. கம்பி வளையத்தை மேலும் கீழும் நகர்த்தும் சிறு திருகுகள் கண்ணருகு வில்லையின் பக்கத்தில் உள்ளன. ஒன்றைத் தளர்த்தி, எதிரே உள்ளதை முடுக்கி, கம்பி 1.282-இல் வந்து நிற்கும்வரை நகர்த்த வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. பார்வைக்கோடு கம்பியையும் பொருளருகு வில்லையின் மையத்தையும் சேர்க்கும் கோடு. அது ஏற்றப் பலகை போன்றது: இந்தப் பக்கம் உயர்ந்தால் அந்தப் பக்கம் தாழும். ஆகவே வெளியே செல்லும் பார்வைக்கோட்டைத் தாழ்த்த, உள்ளே இருக்கும் கம்பியை உயர்த்த வேண்டும்! திருத்திய பின் சோதனையை முதலிலிருந்து ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.

18 மில்லிமீட்டர் பெரிதா?

60 மீட்டருக்கு 18 மில்லிமீட்டர் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சமவெளியில் ஒரு கால்வாயை 5000-க்கு 1 என்ற சரிவில் வெட்டத் திட்டமிடுகிறார்கள் என்று கொள்வோம். அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கால்வாயின் தரை 20 செ.மீ. தாழ வேண்டும். அளப்பவர் சோம்பல் காரணமாக, ஒவ்வொரு முறையும் கருவியைப் பின்னால் உள்ள கோலுக்கு அருகிலேயே நிறுத்தி, முன்னால் உள்ள கோலை 60 மீட்டர் தொலைவில் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் முன்கோலின் எண் 18 மில்லிமீட்டர் கூடுதலாகத் தெரிகிறது. எண் கூடினால் இடம் தாழ்ந்தது என்று பொருள் அன்றோ? ஆகவே ஒவ்வொரு முன் இடமும் உண்மையைவிட 18 மில்லிமீட்டர் தாழ்வாகக் கணக்கில் ஏறுகிறது. ஒரு கிலோமீட்டரில் இது 30 செ.மீ. ஆகிவிடும்.

புத்தகத்தில் கால்வாய் 20 செ.மீ. தாழ்கிறது. மண்ணில் அது 10 செ.மீ. ஏறுகிறது. கடைமடை உழவர் மடையைத் திறந்துவைத்துக் காத்திருப்பார், தண்ணீர் வராது. பிழை அவருடையதன்று, மண்ணுடையதும் அன்று. ஒரு மெல்லிய கம்பி இடம் மாறியிருந்தது. அதை ஒருவரும் சோதிக்கவில்லை.

அதே அளவையாளர் கருவியை ஒவ்வொரு முறையும் இரு கோல்களுக்கும் சரி நடுவில் நிறுத்தியிருந்தால், கம்பி கெட்டிருந்தபோதும் கால்வாய் சரியாகவே அமைந்திருக்கும். பூமியின் வளைவால் வரும் பிழையும், அதாவது 1 கிலோமீட்டரில் ஏறத்தாழ 7.8 செ.மீ., நடுவில் நின்று பார்த்தால் மறைந்துவிடும். நல்ல அளவையாளர்கள் காலடியால் தூரத்தை எண்ணிக் கருவியை நடுவில் நிறுத்துவது இதனால்தான்.

தஞ்சையில் உடைந்த கருவி

நம் நாட்டு நில அளவையின் வரலாற்றிலும் இதற்குப் பொருத்தமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1802 ஏப்ரலில், சென்னை பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, வில்லியம் லாம்டன் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். கோணங்களை அளக்க லண்டனிலிருந்து வந்த அவருடைய தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடை. அதன் வட்டத்தின் விட்டம் 36 அங்குலம்.

1808-இல் தஞ்சாவூரில், சுற்றிலும் உயரமான குன்று இல்லாததால், அந்தக் கருவியைக் கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. வட்டம் வளைந்து உருக்குலைந்துவிட்டது. புதிய கருவி வர வேண்டுமானால் கப்பலில் பல மாதங்கள் ஆகும். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து, ஏறத்தாழ ஆறு வாரம் முயன்று, ஆப்புகளாலும் திருகுகளாலும் வளைவைச் சிறிது சிறிதாக நிமிர்த்தினார். அந்தக் கருவியே மறுபடியும் வேலைக்கு வந்தது.

அடிபட்டுச் செப்பனிட்ட கருவியை எப்படி நம்புவது? தியோடலைட்டால் அளப்பவர்கள் ஒரு கோணத்தை ஒரு முறை மட்டும் அளப்பதில்லை. வட்டத்தின் ஒரு பகுதியில் படித்ததை வேறு பகுதியில் மறுபடி படிப்பார்கள். ஒரு பக்கத்தில் படித்ததை எதிர்ப்பக்கத்திலும் படித்துச் சராசரி எடுப்பார்கள். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். கொத்தனார் ரசமட்டத்தைத் திருப்பி வைப்பதும், நாம் முளை அடித்துப் பார்ப்பதும் இதே அறிவின் சிறு வடிவங்களே.

இன்று தானே மட்டம் காணும் மட்டமானிகளும், எண்ணைத் தானே படித்துச் சேமிக்கும் மின்னணுக் கருவிகளும் வந்துவிட்டன. ஆயினும் இரண்டு முளைச் சோதனையை அவை ஒழித்துவிடவில்லை. எவ்வளவு விலை கொடுத்த கருவியும் வண்டியில் குலுங்கும்; வெயிலில் காயும்; கைதவறிக் கீழே விழும். எண் எவ்வளவு நுட்பமாகத் தெரிகிறது என்பது வேறு. அது உண்மையா என்பது வேறு.

உங்கள் வீட்டில் ரசமட்டம் இருந்தால் இன்றே முனை மாற்றி வைத்துப் பாருங்கள். இல்லையெனில், பள்ளித் தராசின் இரு தட்டுகளிலும் பொருளையும் படிக்கல்லையும் இடம் மாற்றி வைத்து நிறுத்துப் பாருங்கள். விடை மாறினால் தராசை நம்பாதீர்கள். ஆனால் அதைத் தூக்கி எறியவும் வேண்டா. அதன் பிழை எவ்வளவு என்பதை அதுவே உங்களுக்குச் சொல்லிவிட்டது.